லேப்டாப் மட்டும் போதாது

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ வீட்டு அறையில் பாட்டுப் பதிவு செய்யும் எந்தத் தம்பியிடம் கேட்டாலும் இன்று ஒரே பதில்தான் வருகிறது: "லேப்டாப் இருந்தா போதும் அண்ணே. கீபோர்டு, ராக்கு எல்லாம் பழைய இரும்பு. அதுல இருக்கிற எல்லாமே பிளக்-இன்ல வந்திருச்சு." இசைத் தயாரிப்பு சொல்லிக்கொடுப்பவர்கள் இதையே பாடமாக வைத்திருக்கிறார்கள். கணினிக் கடைகளிலும் இதே பேச்சு. கல்யாண மேடைகளிலும் கோயில் திருவிழாக்களிலும் காலமெல்லாம் கீபோர்டு வாசித்த மூத்தவர்கள்கூட இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, ஸ்டோர் ரூமில் கிடக்கும் கோர்க்கையும் ரோலண்டையும் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். இத்தனை பேர் இவ்வளவு உறுதியாகச் சொல்லும் இந்தக் கருத்து தவறு. கையில் சில ஆயிரம் வெள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு இசையமைக்கக் கிளம்பும் ஒரு பிள்ளைக்கு இதைவிட மோசமான அறிவுரையை நான் கேட்டதில்லை.

கணினியை நான் எதிர்க்கவில்லை. 1990களில் எட்டுத் தடங்களைப் பதிய ஆலெசிஸ் நிறுவனத்தின் ஏடாட் கருவியில் எஸ்-விஎச்எஸ் கேசட்டைப் போட்டு, அது சுற்றி வரும்வரை காத்திருந்தார்கள். அந்தக் காலத்துக்குத் திரும்ப யாருக்கும் ஆசையில்லை. குரலைப் பதிவது, வெட்டி ஒட்டுவது, கலவை செய்வது எல்லாம் கணினியின் வேலை. அதை அது அருமையாகச் செய்கிறது. கம்ப்ரஸர், ஈக்வலைசர் போன்றவற்றில் ராக் பெட்டிக்கும் பிளக்-இன்னுக்கும் உள்ள வித்தியாசத்துக்காக வீட்டில் பதிவு செய்பவர் காசைக் கொட்ட வேண்டியதில்லை. முதல் காசு நல்ல மைக்குக்கும், சுவரில் பட்டு எதிரொலிக்கும் அறையைச் சரிசெய்வதற்கும்தான் போக வேண்டும். இதிலெல்லாம் எனக்கும் அவர்களுக்கும் சண்டை இல்லை. சண்டை ஒன்றே ஒன்றில்: ஒலி பிறக்கும் இடம், அதாவது வாத்தியம். சிந்தசைசரும், கீ இல்லாத ஒலிப்பெட்டியான சவுண்ட் மாட்யூலும் வாத்தியங்கள். அவற்றை மென்பொருளின் பழைய பதிப்பு என்று நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது.

முதலில் காசு. பிளக்-இன்னுக்குச் செலவே இல்லை என்கிறார்கள். ஏன் இல்லை? பல வீட்டு ஸ்டூடியோக்களில் ஓடுபவை கிராக் செய்யப்பட்டவை. இது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தன் பாட்டுக்கு உரிமைத்தொகை கிடைக்க வேண்டும் என்று இசைப் பதிப்புரிமை அமைப்பான எம்ஏசிபியில் பெயர் பதிந்துகொள்ளும் இசையமைப்பாளர், இன்னொருவர் பல ஆண்டு உழைத்துச் செய்த கருவியைத் திருட்டுப் பிரதியில் ஓட்டினால், அந்த உரிமையைப் பற்றிப் பேச அவருக்கு வாய் ஏது? திருட்டை அடித்தளமாக வைத்துக் கட்டிய மலிவைச் சிக்கனம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, முறையாகக் காசு கொடுத்து வாங்குகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் வாங்குவது உரிமம். கருவி அவர் கைக்கு வருவதே இல்லை. 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம், இனி எங்கள் பிளக்-இன்களை விலைக்கு வாங்க முடியாது, மாதாமாதம் சந்தா கட்டித்தான் பயன்படுத்த முடியும் என்று அறிவித்தது. உலகம் முழுக்க எழுந்த கோபத்தில் சில நாட்களிலேயே பின்வாங்கியது. பின்வாங்கியது நல்லதுதான். ஆனால் ஒரே அறிவிப்பில் விதியை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை அந்த வாரம் காட்டிவிட்டது. 2019-இல் ஆப்பிளின் கேட்டலினா இயங்குதளம் வந்தபோது 32-பிட் மென்பொருள்கள் அத்தனையும் ஒரே நாளில் ஊமையாயின. அதற்கும் முன்னால், திரைப்பட இசைக்காரர்கள் பெரிதும் நம்பியிருந்த கிகாஸ்டூடியோ என்ற சாம்ப்ளர் மென்பொருளை 2008-இல் டாஸ்காம் நிறுத்தியது. அதற்காகவே கணினிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தவர்கள் திக்கற்று நின்றார்கள். ஐந்து ஆண்டுக்கு முன் செய்த பாட்டைத் திறந்தால் பாதித் தடங்களில் 'பிளக்-இன் காணவில்லை' என்று வரும் அனுபவம் இல்லாத வீட்டு ஸ்டூடியோக்காரர் நம் வட்டாரத்தில் இருந்தால் அவர் கொடுத்துவைத்தவர்.

இப்போது மறுபக்கம் பாருங்கள். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த 'நாம்' (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் நிறுவனத்தின் பிராஃபெட்-600 கருவியையும் ரோலண்டின் ஜூபிடர்-6 கருவியையும் ஒரு வயரால் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றதும் ஒலித்தது. போட்டி நிறுவனங்களின் கருவிகள் ஒரே மொழியில் பேசிக்கொண்டன. அதுதான் மிடி. ரோலண்டை நிறுவிய இக்குதாரோ காகேஹாஷியும் சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்தும் அதற்காக 2013-இல் தொழில்நுட்ப கிராமி விருது பெற்றார்கள். யாரிடமும் உரிமத்தொகை வாங்காமல் அதை உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள் என்பதுதான் என் கண்ணுக்கு விருதைவிடப் பெரிது. அதனால் 1983-இல் செய்த யமஹா டிஎக்ஸ்7 கருவியை இன்று வாங்கிய லேப்டாப்புடன் மலிவான ஒரு யூஎஸ்பி மிடி வயரால் இணைத்தால் உடனே பேசுகிறது. கடவுச்சொல் கேட்காது, இணையம் கேட்காது, சந்தா கேட்காது. நாற்பது ஆண்டாக மாறாத ஒரு ஏற்பாடு மின்னணு உலகில் வேறு எத்தனை இருக்கிறது? வேண்டாமென்றால் விற்கலாம், வாங்க ஆள் இருக்கிறது. பல பிளக்-இன் உரிமங்களை இன்னொருவர் பெயருக்கு மாற்றவே முடியாது.

அடுத்த வாதம், 'எல்லாம் அதுக்குள்ளேயே இருக்கு' என்பது. இருக்கிறதுதான். அதுதான் சிக்கலே. கோர்க் எம்1 கருவி 1988-இல் வந்தது. அதன் ஒலி முழுவதும் நான்கு மெகாபைட் நினைவகத்தில் அடங்கியது. கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் இன்று அந்த இடத்தை நிரப்பிவிடும். ஒரே நேரத்தில் பதினாறு குரல்தான் ஒலிக்கும். அதன் ஃபில்டரில் ரெசனன்ஸ்கூடக் கிடையாது. இவ்வளவு குறைகளோடு வந்த அந்தக் கருவியின் பியானோவும் ஆர்கனும்தான் 1990களின் நடன இசைக்கே முகம் கொடுத்தன. ராபின் எஸ் பாடிய 'ஷோ மீ லவ்' பாட்டின் பிரபலமான கலவையைக் கேட்டவர்களுக்கு அந்த ஆர்கன் எம்1-இல் ஏற்கெனவே இருந்த ஒரு ஒலிதான் என்று சொன்னால் நம்புவது கடினம். கருவி சிறிது. அதை உள்ளும் புறமும் அறிந்த விரல்கள் செய்த வேலை அது.

ரோலண்டின் ஜேவி-1080 மாட்யூலை எடுத்துக்கொள்ளுங்கள். 1994-இல் வந்தது. ராக்கில் இரண்டு அடுக்கு இடம் பிடிக்கும், அதாவது மூன்றரை அங்குல உயரம். 64 குரல்கள், பதினாறு பகுதிகள், ஒரு ஒலிக்கு நான்கு டோன்கள். கூடுதல் ஒலி அட்டைகள் செருக நான்கு இடங்கள். உலக இசைக்கு ஒன்று, ஆசியாவுக்கு ஒன்று என்று அட்டைகள் வந்தன. ஓராண்டு இதை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டு செய்பவருக்கு என்ன நடக்கும்? இந்தப் புல்லாங்குழல் மேல் சட்ஜமத்துக்கு மேலே போனால் மெலிந்துவிடும், இந்தத் தந்திக் கூட்டத்தை மெதுவாகத் தொட்டால்தான் அழகு, இந்த பேஸுக்கு அட்டாக்கைக் கொஞ்சம் கூட்டினால் உறுமிக்கு வழிவிடும் என்று ஒவ்வொன்றும் கையில் பதிந்துவிடும். நான்கு டோனையும் பிரித்து மேய்ந்து, ரோலண்டு பொறியாளர்கள் நினைத்திராத ஒலி ஒன்றைக் கண்டுபிடிப்பார். அதுவே லேப்டாப்பில் பத்தாயிரம் ஒலிகள் இருந்தால்? மாலை ஏழு மணிக்கு மனத்தில் ஒரு மெட்டோடு உட்காருபவர் ஒன்பது மணி வரை ஒலிகளைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். மெட்டு எப்போதோ போயிருக்கும். இதைப் பலமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். திறமை இல்லாத பிள்ளைகள் அல்ல அவர்கள். வாத்தியம் இல்லாத பிள்ளைகள்.

இங்கே எதிர்த்தரப்பு ஒரு நியாயமான கேள்வி கேட்கும். வன்கருவி காலத்திலும் எல்லாப் பாட்டும் ஒரே மாதிரிதானே ஒலித்தது? டிஎக்ஸ்7-இன் மின்பியானோ 1980களின் காதல் பாட்டுகளில் எங்கே பார்த்தாலும் கேட்டதே? உண்மை. ஆறு ஆபரேட்டர், 32 அல்காரிதம் என்று அந்த எஃப்எம் கருவியின் உள்ளமைப்பு கடினமானது. பலர் அதைத் தொடவே இல்லை, வந்த ஒலியை வாசித்துவிட்டுப் போனார்கள். சோம்பல் எந்தக் காலத்திலும் உண்டு. ஆனால் தொட்டுப் பார்த்தவருக்கு அதில் ஒரு கதவு இருந்தது, அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்த அறைக்கு எல்லையும் இருந்தது. முயன்றால் முழுதாகக் கற்றுவிடலாம் என்ற நம்பிக்கையை அந்த எல்லை கொடுத்தது. இன்றைய ஒலித் தொகுப்பில் கற்று முடிக்க எதுவும் இல்லை. அடுத்த தொகுப்பு வருகிறது, அதை இறக்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

பில்லி ஐலிஷ் படுக்கையறையில் ஆல்பம் பதிவு செய்து 2020-இல் கிராமி வாங்கவில்லையா என்பது இன்னொரு கேள்வி. அடிக்கடி எறியப்படும் கல் இது. அவரும் அவர் அண்ணன் ஃபினியஸும் லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டு அறையில் அந்த ஆல்பத்தைச் செய்தது உண்மை. அந்த ஆல்பத்தைக் கவனித்துக் கேளுங்கள். குரல் காதருகே இருக்கிறது, சுற்றிலும் மிகச் சில ஒலிகள், ஒவ்வொன்றும் எண்ணி வைக்கப்பட்டது. குறைவாகத் தேர்ந்தெடுக்கும் துணிவுக்கு அது சான்று. எல்லாம் வைத்திருந்தால் போதும் என்ற வாதத்துக்கு அது ஒருநாளும் சான்றாகாது.

இனி இந்த விவாதத்தில் தமிழர்களாகிய நமக்கு மட்டுமே உரிய பகுதி. மேற்கத்திய இசைக்காரர்கள் வன்கருவியா மென்பொருளா என்று சண்டையிடும்போது ஒலியின் கனம், வெதுவெதுப்பு என்று பேசுவார்கள். எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. கண்ணை மூடிக் கேட்டால் பல நேரம் எனக்கே வித்தியாசம் தெரியாது. நம் சிக்கல் வேறு. நம் இசை கமகத்தில் வாழ்கிறது. தோடியின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்பதில்லை, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊசலாடுகிறது. பியானோ கீக்கு அந்த ஊசல் தெரியாது. அதைக் கொண்டுவருவது கீபோர்டு வாசிப்பவரின் இடக்கை. பிட்ச் பெண்ட் சக்கரத்தில் இருக்கிறது நம் சங்கீதம். கர்நாடக சங்கீதத்தைக் கீபோர்டில் முழுக் கச்சேரியாகவே வாசித்துக் காட்டியவர் 'கீபோர்டு' சத்யநாராயணன். அவர் வலக்கையைப் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

சக்கரத்துக்குச் சக்கரம் வேறுபடும். யமஹாவில் அது உருளும் சக்கரம், பாதியில் நிறுத்திப் பிடிக்கலாம். ரோலண்டில் பக்கவாட்டில் தள்ளும் நெம்புகோல், விட்டால் சட்டென்று திரும்பும். கோர்க்கில் நான்கு திசையிலும் நகரும் ஜாய்ஸ்டிக். ஒவ்வொன்றிலும் கமகம் வேறு மாதிரி வரும். மிடியில் பிட்ச் பெண்டுக்கு 16,384 படிகள் உண்டு. கருவி வாங்கி வரும்போது பொதுவாக மேலே இரண்டு அரைச்சுருதி, கீழே இரண்டு அரைச்சுருதி என்று அமைந்திருக்கும். ஜேவி-1080-இல் மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று தனித்தனியாக மாற்றலாம். அதையே சோலோ, லெகாட்டோ நிலையில் போர்ட்டமென்டோவோடு வைத்து, முதல் கீயை விடாமல் அடுத்த கீயைத் தொட்டால், ஒலி புதிதாகத் தொடங்காமல் வழுக்கிப் போகும். ஜாரு பிடிக்க அதுதான் வழி. இதை மென்பொருளிலும் செய்யலாம் என்பீர்கள். செய்யலாம். ஆனால் லேப்டாப்வாதிகள் பரிந்துரைக்கும் 25 கீ குட்டிக் கன்ட்ரோலரில் செய்து காட்டுங்கள். சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் பல மாடல்களில் ஒரு தொடுபட்டைதான் இருக்கிறது. அதில் விரல் வைத்தால் ஸ்வரம் துள்ளிக் குதிக்கும்.

தாமதமும் உண்டு. 256 சாம்பிள் பஃபரில் கணினி எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஆறு மில்லிவினாடி. கை அதைப் பொறுத்துக்கொள்ளும். பாட்டில் பிளக்-இன்கள் கூடக் கூடக் கணினி திணறும், பஃபரை 1024-க்கு ஏற்ற வேண்டிவரும், தாமதம் 23 மில்லிவினாடியாகும். அதோடு கமகம் வாசிப்பது தண்டனை. மாட்யூலிலும் தாமதம் இல்லாமல் இல்லை. மிடி வயரில் ஒரு ஸ்வரம் போக ஏறக்குறைய ஒரு மில்லிவினாடி ஆகும், பத்து ஸ்வரத்தை ஒன்றாக அமுக்கினால் அவை வரிசையில்தான் போகும். ஆனால் முதல் தடத்தில் இருந்த அளவுதான் நாற்பதாவது தடம் போட்ட பிறகும். கை ஒருமுறை பழகிவிட்டால் போதும்.

இந்த இடத்தில் சரண்ஜித் சிங்கை நினைக்காமல் போக முடியாது. மும்பைத் திரையிசையில் வாத்தியக்காரராக இருந்தவர். 1982 வாக்கில் ரோலண்டின் மூன்று கருவிகளை, ஜூபிடர்-8 சிந்தசைசர், டிஆர்-808 தாள இயந்திரம், டிபி-303 பேஸ் இயந்திரம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். டிபி-303-இல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கும் வசதி உண்டு. ராகத்தை அறிந்த கைக்கு அது என்ன கொடுக்கும் என்பதை அவர் கண்டுகொண்டார். அன்று அந்தத் தட்டை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்தபோதுதான் உலகம் திடுக்கிட்டது. 1987-இல் சிகாகோவில் ஃப்யூச்சர் குழு வெளியிட்ட 'ஆசிட் டிராக்ஸ்' தொடங்கி வளர்ந்த ஆசிட் ஹவுஸ் இசையின் அதே ஒலி, சில ஆண்டுகள் முன்னதாகவே ஒரு இந்தியரின் ராகத் தட்டில் இருந்தது. மூன்றே பெட்டிகள். நாம் இருபது ஆண்டாக லேப்டாப்பில் செய்த ராகக் கலவைகளில் அதற்கு ஈடாக ஒன்றைச் சொல்லுங்கள், கேட்கிறேன்.

ரகுமான் கணினியில்தானே செய்கிறார் என்பார்கள். செய்கிறார். ஆனால் 1989-இல் வீட்டோடு சேர்த்துப் பஞ்சதன் ஸ்டூடியோவைத் தொடங்கி 1992-இல் 'ரோஜா'வுக்கு வந்தவர் அவர். கீபோர்டுக் கலைஞராக மற்றவர்களின் பாட்டுக்கு வாசித்து வாசித்துத் தேறிய கை அது. கணினி வசதி எல்லாம் வந்த பிறகு அவர் எதைத் தேடிப் போனார் என்று பாருங்கள். லிப்போல்டு ஹாக்கன் வடிவமைத்த கன்டினியூம் என்ற கருவியை. அதில் தனித்தனிக் கீ கிடையாது. விரல் வழுக்கிப் போக ஒரு நீளப் பரப்பு. 2009-இல் வந்த 'டெல்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாட்டின் முடிவில் அதைக் கேட்கலாம். உலகின் எந்த மென்பொருளையும் வாங்கக்கூடியவருக்கு, விரல் தொட ஒரு பொருள் தேவைப்பட்டிருக்கிறது.

இது ஜப்பான்காரனின் பழைய சரக்கு, நமக்கெதற்கு என்று ஒதுக்குவோருக்கு ஒரு செய்தி. ரோலண்டு தன் உற்பத்தியின் பெரும்பகுதியை 2014 வாக்கில் மலேசியாவுக்குக் கொண்டுவந்தது. தொழிற்சாலை ஷா ஆலமில் இருக்கிறது. கிள்ளானிலிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. உலகெங்கும் இசைக்காரர்கள் வாங்கும் ரோலண்டு, பாஸ் கருவிகளைத் திருப்பிப் பார்த்தால் மலேசியாவில் தயாரானது என்று அச்சிட்டிருக்கும். அந்தக் கருவிகளைச் செய்யும் ஊரில் உட்கார்ந்துகொண்டு அவற்றை அந்நியம் என்கிறோம்.

பழையது என்பதால் ஒதுக்குவதும் சரியில்லை. டிஆர்-808-ஐ 1983-இலும் டிபி-303-ஐ 1984-இலும் ரோலண்டு நிறுத்திவிட்டது. இரண்டும் பெரிதாக விற்கவில்லை. அடகுக் கடைகளுக்கும் பழைய சாமான் கடைகளுக்கும் அவை மலிவாக வந்தபோது, சிகாகோவிலும் டெட்ராய்டிலும் காசில்லாத கறுப்பின இளைஞர்கள் வாங்கினார்கள். ஹவுஸும் டெக்னோவும் பிறந்தது அப்படித்தான். ஊரே கைவிட்ட கருவி ஏழைக்குக் கிடைக்கிறது, ஏழை அதில் தன் ஒலியைக் கண்டுபிடிக்கிறான். நம் வட்டாரத்தில் அதே தருணம் இப்போது வந்திருக்கிறது. 1990களில் பெரும் பணம் கொடுத்து வாங்கிய மாட்யூல்கள் இன்று ஒரு நல்ல லேப்டாப்பின் விலையில் சிறு பகுதிக்குக் கிடைக்கின்றன. இந்த நேரம் பார்த்துத்தான் வேண்டாம் என்று பிரசாரம் செய்கிறோம்.

தட்பவெப்பம் பற்றிய ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அது உண்மையான தொல்லை. நம் காற்றின் ஈரப்பதம் சராசரி 80 சதவீதத்தைத் தொடும். பிற்பகல் இடிமழையும் மின்னலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் அன்றாடம். பழைய கருவிக்குள் நினைவகத்தைக் காக்கும் காசு வடிவ பேட்டரி செத்தால் சேமித்த ஒலிகள் போய்விடும். 1991-இல் வந்த ரோலண்டு ஜேடி-800-இல் கீகளுக்கு அடியில் எடைக்கட்டிகளை ஒட்டிய சிவப்புப் பசை காலப்போக்கில் உருகி வழிந்து உள்ளே எல்லாவற்றையும் கெடுக்கும். நம் வெப்பத்துக்குக் கேட்கவே வேண்டாம். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக் கருவி 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட் பிளக்கில் நேரே செருகினால் புகைதான் வரும், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு, மருந்து மலிவு. கீ இல்லாத ராக் மாட்யூலில் கீக் கோளாறு எதுவும் வராது. வெப்ப நாட்டுக்கு மாட்யூலே சிறந்தது என்று நான் சொல்ல அது ஒரு காரணம். பேட்டரியும் கெபாசிட்டரும் புடு பக்கம் ஜாலான் பசார் கடைகளில் கிடைக்கும். சில கருவிகளில் பேட்டரியைச் சாலிடர் செய்திருப்பார்கள், தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். மாற்றுவதற்கு முன், சேமித்த ஒலிகளை மிடி வயர் வழியே அனுப்பும் சிஸ்எக்ஸ் முறையில் லேப்டாப்பில் இறக்கி வையுங்கள். லேப்டாப்பும் மாட்யூலும் பகையாளிகள் இல்லை. இடி தொடங்கினால் பிளக்கைப் பிடுங்குங்கள். லேப்டாப்புக்கும் அதே விதிதானே.

என்னைக் கேட்டால் எதை வாங்கச் சொல்வேன்? முதலில் ஜேவி-1080, அல்லது 1997-இல் வந்த அதன் தம்பி ஜேவி-2080. அடுத்தது யமஹா டிஎக்ஸ்81இசட், 1987-இல் வந்த ஒற்றை அடுக்குப் பெட்டி. நான்கு ஆபரேட்டர்தான், டிஎக்ஸ்7-ஐவிட எளிது. அதன் 'லேட்லி பேஸ்' ஒலி ஒரு தலைமுறையையே ஆட்டி வைத்தது. எஃப்எம் என்றால் என்ன என்று கை வைத்துக் கற்க இதைவிட மலிவான ஆசிரியர் இல்லை. வாசிக்க, 61 கீயும் உண்மையான சக்கரமும் உள்ள எந்தப் பழைய கீபோர்டும் போதும். எஃபெக்ட் என்றால் யமஹா எஸ்பிஎக்ஸ்90. 1980களின் நடுவில் வந்தது. 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதில் எதுவும் வராது. அந்த மங்கல்தான் பின்னணிப் பாடகர்களின் குரலையும் தந்திக் கூட்டத்தையும் பின்னுக்கு உட்கார வைக்கிறது. அதன் 'சிம்ஃபானிக்' ஒலியைக் கேட்டவர்கள் விடமாட்டார்கள். இவ்வளவு போதும். இதற்கு மேல் ராக்கை நிரப்பிப் படம் எடுத்துக் காட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. பெட்டி சேர்ப்பதும் ஒலி சேர்ப்பதும் ஒரே நோய்தான்.

இந்தக் கருத்து நமக்குச் செய்யும் பெருங்கேடு ஒன்று மிச்சமிருக்கிறது. மலேசியத் தமிழ்ப் பாட்டு என்று ஒன்று இருக்கிறது. 2006-இல் யோகி பி நட்சத்ராவின் 'வல்லவன்' ஆல்பம் வந்தபோது அது தமிழ்நாட்டைப் பின்தொடரவில்லை. தமிழ்நாடு அதைத் திரும்பிப் பார்த்தது. பத்துமலைத் தைப்பூசத்தில் ஒலிக்கும் உறுமி மேளத்துக்கு இந்த மண்ணுக்கே உரிய நடையும் முரட்டுத்தனமும் உண்டு. சென்னை ஸ்டூடியோக்காரர் அதை உட்கார்ந்து உருவாக்க முடியாது. அப்படியிருக்க, கிள்ளானில் உட்கார்ந்து செய்யும் பாட்டில் ஐரோப்பாவில் பதிவு செய்து விற்கப்படும் இந்தியத் தாளத் தொகுப்பின் லூப் ஏன் ஓட வேண்டும்? அதே லூப் சென்னையில் ஓடுகிறது, டொராண்டோவில் ஓடுகிறது. சென்னை மாதிரி ஒலிக்க வேண்டும் என்ற ஏக்கத்தில், சென்னைக்காரர் வாங்கிய அதே தொகுப்பை வாங்கி, அவர் கைவிடும் நேரத்தில் நாம் கையில் எடுக்கிறோம். ரோஜர் லின் வடிவமைத்து 1988-இல் ஆக்காய் வெளியிட்ட எம்பிசி60-ஐ நியூயார்க் பிள்ளைகள் எப்படிப் பயன்படுத்தினார்கள்? தங்கள் அப்பா அம்மாவின் பழைய இசைத்தட்டுகளை அதில் வெட்டி, பதினாறு பட்டன்களில் விரலால் வாசித்தார்கள். நம் ஊர் உறுமிக்காரரை வீட்டுக்கு அழைத்து, உரிய கூலி கொடுத்து, நல்ல மைக்கில் பதிந்து, ஒரு பழைய சாம்ப்ளரில் ஏற்றி வாசியுங்கள். அந்த ஒலி வேறு எவரிடமும் இருக்காது. லேப்டாப்பிலும் இதைச் செய்யலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எல்லாம் உள்ளே இருக்கிறது என்று நம்புகிறவர் எதற்காக உறுமிக்காரரை அழைக்கப் போகிறார்? அந்த நம்பிக்கையைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இளையவர்களுக்குச் சொல்வது இது. அடுத்த ஒலித் தொகுப்புக்கு எடுத்து வைத்திருக்கும் வெள்ளியை அப்படியே வைத்திருங்கள். ஒரு பழைய மாட்யூல் வாங்குங்கள். ஓராண்டுக்கு அதில் மட்டும் பாட்டு செய்யுங்கள், கணினியைப் பதிவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இடக்கையைச் சக்கரத்தில் வைத்துத் தினமும் ஒரு ராகம் பழகுங்கள்.

மூத்த கீபோர்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜாலான் துன் சம்பந்தன் பக்கத்து அடுக்குமாடிகளிலும், கிள்ளான், கிள்ளான் துறைமுகத் தாமான் வீடுகளிலும் இசைக்குழுக் காலத்து ராக்குகள் துணி போர்த்திக் கிடக்கின்றன. அவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். பேட்டரியை மாற்றி, உங்கள் தாமானில் பாட்டு செய்யும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, உங்களுக்குக் கட்டுப்படியாகும் விலைக்குக் கொடுங்கள். மிடி வயரையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கருவியில் நீங்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் ஒலிகளை வாசித்துக் காட்டுங்கள். அவை எந்தக் கையேட்டிலும் இல்லை.